கூத்தில் ராஜாவையே கேள்வி கேட்ட கட்டியக்காரன் சினிமாவில் எங்கே போனான்?

செய்யாத்தங்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிச்சுட்டுச் சொல்லுங்க.

எங்களுக்கு செய்யாறு பக்கம். திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் வெச்சாங்கன்னா பகல்ல பிரசங்கம், ராத்திரி விடிய விடிய கூத்து. என் தாய்மாமா 30 வருஷத்துக்கு மேல கட்டியக்காரன் வேஷம் கட்டினவர். இப்ப மூட்டு தேஞ்சு போச்சு, கூத்தாட்டத்துக்கு அடவு வெக்க முடியல. அந்த வேஷத்தை என் அக்கா பையன்கிட்ட ஒப்படைக்கணும்னு அவருக்கு ஆசை. பையனுக்கு 14 வயசு. நல்ல குரல், தாளம் பிசகாது. ஆனா என்கிட்ட ஒரே பிடிவாதம். "அர்ஜுனன்னா கட்டுறேன் மாமா. கட்டியக்காரன் வேணாம். அது காமெடி பீஸு. ஹீரோ பக்கத்துல நின்னு அடி வாங்குற ஆளு. ஸ்கூல்ல ஓட்டியே கொன்னுடுவாங்க."

எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. ஏன்னா நான் பாத்த கட்டியக்காரன் வேற ஆளு.

கூத்து பாக்காதவங்களுக்காகச் சொல்றேன். ரெண்டு பேர் திரை பிடிச்சு நிப்பாங்க. அதுக்குப் பின்னாடி கிரீடம், புஜக்கட்டை எல்லாம் கட்டின ராஜா வேஷம் பாடிக்கிட்டிருக்கும். அந்த கிரீடம் கல்யாண முருங்கை மரத்துல செதுக்குறது. முன்னாடி கிரீடம் இல்லாம நிக்கிற கட்டியக்காரன், "யாருய்யா நீ? எந்த தேசம்? இந்த நேரத்துல எங்க ஊர்ல என்ன வேலை?"ன்னு கேப்பான். துரியோதனனே ஆனாலும் அவனுக்குப் பதில் சொல்லாம சபைக்குள்ள கால் வெக்க முடியாது. ராஜா செந்தமிழ்ல வசனம் பேசுவார். கட்டியக்காரன் நம்ம வீட்டுப் பேச்சுல பேசுவான். அவனே சேவகன், அவனே தூதன், அவனே தாதி. நடுவுல மொய் எழுதினவங்க பேரையும் அவன்தான் சொல்லுவான்.

எங்க ஊர்ல மாமா கடைசியா கட்டினது துகிலுரிதல் அன்னிக்கு. மணி ரெண்டு, ரெண்டரை இருக்கும். துச்சாதனன் வேஷக்காரர் பாஞ்சாலி முன்னாடி சூடம் ஏத்தி, விழுந்து கும்பிட்டுட்டுத்தான் புடவை முந்தானையைத் தொட்டார். பாவம் சேரக்கூடாதுன்னு அது எப்பவும் உள்ள வழக்கம். அவர் கை வெச்ச உடனே மாமா குறுக்க வந்து நின்னார். மத்தளத்தை நிறுத்தச் சொல்லிக் கைய காட்டினார். "எசமான், ஒரே ஒரு சந்தேகம். உங்க அரண்மனைல துச்சளைன்னு ஒரு தங்கச்சி இருக்கே. நாளைக்கு அது 'எங்கண்ணன் சபையில என்னா பண்ணுச்சு'ன்னு என்னைக் கேட்டா, நான் என்னான்னு சொல்லட்டும்?" அவ்வளவுதான் கேட்டார். துச்சாதனன் பதில் சொல்லல. ஜனங்க மத்தியில ஒரு சத்தம் இல்ல. எனக்கு முன்னாடி உக்காந்திருந்த ஒரு ஆயா தலையில அடிச்சுக்கிட்டு அழுதாங்க.

இவ்வளவு பெரிய ஆளு எப்படி ஹீரோ பக்கத்துல அடி வாங்குறவனா ஆனான்? ரெண்டும் ஒரே ஆளுதானா, இல்ல நான்தான் தப்பா முடிச்சுப் போடுறேனா? பையனுக்குச் சொல்ல எனக்கு ஒரு நேரான பதில் வேணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க.


கால்பெட்டி எழுதியது:

அண்ணே, படிச்சு முடிச்சதும் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். உங்க மாமாவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லுங்க.

நான் மதுரை. எங்க அப்பா ஸ்பெஷல் நாடகத்துக்குக் கால் ஆர்மோனியம் வாசிச்சவர், அதான் இந்தப் பேரு. சின்ன வயசுல வள்ளி திருமணம் மேடைக்குப் பின்னாடி பாய் விரிச்சுத் தூங்கி வளந்தவன் நான். அந்த அனுபவத்துல சொல்றேன்.

சினிமாவுக்கு வந்த வழி உங்க கூத்து வழி இல்லண்ணே, எங்க நாடக வழி. பேசும் படம் 1931-ல வந்தப்ப நடிகர், பாட்டு, வாத்தியார் எல்லாமே நாடகக் கம்பெனியில இருந்துதான் போனாங்க. அங்க வேஷத்துக்குப் பேரே பார்ட்டுதான். ராஜபார்ட்னா கதாநாயகன், ஸ்திரீபார்ட்னா நாயகி, கள்ளபார்ட்னா திருடன், பபூன்னா சிரிக்க வெக்கிறவர். அந்தப் பேரு ஆளோடயே ஒட்டிக்கும். சினிமாவுக்குப் போனதுக்கு அப்புறமும் 'கள்ளபார்ட்' நடராஜன்னுதானே டைட்டில்ல போட்டாங்க?

இந்த பார்ட்டுகளுக்கு எவ்வளவு பலம்னா, ஸ்பெஷல் நாடகத்துல ஒத்திகையே கிடையாது. ராஜபார்ட் புதுக்கோட்டையில இருந்து வருவார், ஸ்திரீபார்ட் திண்டுக்கல்ல இருந்து வருவாங்க, பபூன் எங்க மதுரை. சாயங்காலம் மேக்கப் போடுறப்பதான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாப்பாங்க. ஆனா ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சு விடியிற வரைக்கும் ஒரு இடத்துல தடுமாற மாட்டாங்க. அவங்கவங்க பார்ட்டு அவங்கவங்களுக்குப் பாடம். நாடக வாத்தியார் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வெச்ச பாட்டும் தர்க்கமும் எல்லார் நெஞ்சுலயும் இருக்கும். முருகனும் வள்ளியும் எதிரும் புதிருமா தர்க்கம் பண்ணுறப்ப எங்கப்பா கட்டையில விரல ஓட்டிக்கிட்டே, அடுத்து யாரு மடங்குவாங்கன்னு எனக்குக் கண்ணக் காட்டுவார்.

பபூன்தான் மொதல்ல வருவார். ஊரு நிலவரம், விலைவாசி, மாமியா மருமக எல்லாம் பேசுவார். கேள்வியும் கேப்பார். ஆனா உங்க கட்டியக்காரனுக்கும் அவருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. பபூன் கேக்குறது ஜனங்களை. ராஜபார்ட் வந்து நின்னதும் அவர் ஒதுங்கிடுவார். கதைக்குள்ள குறுக்க போக மாட்டார். காமிக் தனி, கதை தனி. சினிமாவுல காமெடி ட்ராக்குன்னு தனியா எழுதி, தனியா எடுத்து ஒட்டினாங்களே, அதுக்கு வேர் இங்க இருக்குன்னுதான் நான் நினைக்கிறேன்.

இதுல கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனை மட்டும் தனியா வெக்கணும். வில்லுப்பாட்டு, டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகம்னு வந்தவர். 1949-ல நல்லதம்பி படத்துல கிந்தனார் காலட்சேபம் பண்ணினார் பாருங்க, நந்தனார் சரித்திரத்தை அப்படியே திருப்பி, சேரிப் பையன் பள்ளிக்கூடம் போற கதையாக்கினார். அன்னிக்கு அவர் நின்ன இடம் உங்க மாமா நின்ன இடம்தான்.

அப்புறம் ஏன் கெட்டுச்சு? என் கணக்கு இது. ராஜா நம்ம பாஷை பேச ஆரம்பிச்சுட்டார். கூத்துலயும் சரி, பழைய படத்துலயும் சரி, கதாநாயகன் அடுக்குமொழி பேசுவார், பக்கத்துல இருக்கவன்தான் நம்மள மாதிரிப் பேசுவான். அதனால கேள்வி கேக்குற உரிமை அவன்கிட்ட இருந்துச்சு. 1971-ல எம்.ஜி.ஆர். ரிக்‌ஷாக்காரரா வந்தார், 1995-ல ரஜினி ஆட்டோக்காரரா வந்தார். ஏழை பாஷையும் அவரே பேசுறார், அநியாயத்தையும் அவரே தட்டிக் கேக்குறார், கிண்டலும் அவரே பண்றார். ராஜபார்ட்டே கட்டியக்காரன் வேலையையும் சேத்து எடுத்துக்கிட்டார். இனி பக்கத்துல நிக்கிறவனுக்கு வேலை என்ன மிச்சம்? அடி வாங்குறதுதான்.

பையன்கிட்ட இதைச் சொல்லிப் பாருங்கண்ணே. அவன் ஆசைப்படுற ஹீரோ வேஷத்துல பாதி, அவங்க தாத்தாகிட்ட இருந்து போனது.


சந்தைப்பேட்டை எழுதியது:

கவுண்டமணியை யாருமே சொல்லலையே? கதாநாயகன் காதல்ல உருகிக்கிட்டு இருக்கும்போது மூஞ்சிக்கு நேரா நாலு கேள்வி கேட்ட ஒரே ஆள் அவர்தானுங்க. 1984-ல வைதேகி காத்திருந்தாள் படத்துல சைக்கிள் கடை, பெட்ரோமாக்ஸ் வாடகைன்னு உழைச்சுச் சாப்பிடுற ஆளா வந்தார். கட்டியக்காரன் செத்துப்போகலைங்க. கொஞ்ச காலம் எங்க கோயமுத்தூர் பாஷை பேசிட்டு இருந்தான்.


செய்யாத்தங்கரை எழுதியது:

கால்பெட்டி அண்ணா, உங்க பதிலை மாமாவுக்குப் போன்ல வாசிச்சுக் காட்டினேன். ரெண்டாந்தரம் வாசிக்கச் சொன்னார்.

சந்தைப்பேட்டை, நீங்க சொல்றதை முழுசா ஒத்துக்கறேன், அவர் மேல பாத்துக் கேட்டவர். ஆனா கீழ பாத்து அடிச்சவரும் அவரேதான். செந்தில் வாங்கின உதையையும், நிறத்தைச் சொல்லி விழுந்த பட்டப்பேரையும்தான் பள்ளிக்கூடத்துப் பசங்க பிடிச்சுக்கிட்டாங்க. என் மருமகன் பயப்படுறது அதுக்குத்தான். அவன் கொஞ்சம் கறுப்பு, குண்டு. யார் பக்கம் நிக்க வெப்பாங்கன்னு அவனுக்குத் தெரியும். அதை நினைச்சா எனக்கு வயிறு எரியுது.


செவிலிமகள் எழுதியது:

நான் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. இதைப் படித்ததிலிருந்து எழுதாமல் இருக்க முடியவில்லை.

கூத்துக்கும் நாடகத்துக்கும் முந்தைய இடத்திலிருந்து தொடங்குகிறேன். சங்க இலக்கியத்தின் காதல் பாட்டான அகப்பாட்டில் யாருக்கும் பெயர் கிடையாது. 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்பது தொல்காப்பிய விதி. தலைவன், தலைவி, தோழி, தலைவனின் நண்பனான பாங்கன், வளர்ப்புத் தாயான செவிலி, பெற்ற தாயான நற்றாய் என்று வேடங்கள்தாம் உண்டு. தலைவனுக்கும் தலைவிக்கும் நடுவே போய்வர பன்னிரண்டு வாயில்களை, அதாவது தூதர்களை, அந்த நூலின் கற்பியல் பகுதி வரிசைப்படுத்துகிறது. நூற்றுக்கணக்கான புலவர்கள் இந்தச் சில வேடங்களையே திரும்பத் திரும்ப எடுத்துக் கட்டினார்கள். மதுரை அண்ணன் சொன்ன ஒத்திகையில்லாத மேடையை வாசித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

அங்கே தலைவனின் நண்பன் என்ன செய்கிறான் தெரியுமா? கழறுகிறான். 'இப்படி உருகிப்போவது உனக்கு அழகா' என்று தலைவனைத் திட்டுகிறான். குறுந்தொகை 58-இல் தலைவன் அவனைக் கூப்பிடும் விளியே 'இடிக்கும் கேளிர்' என்பதுதான். வெள்ளிவீதியார் பாட்டு. வெயில் காயும் பாறைமேல் வெண்ணெய் உருகுகிறது. காவலுக்கு இருப்பவனுக்கோ கையும் இல்லை, வாயும் இல்லை, கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறான். என் நோய் அப்படிப் பரவுகிறது, நீங்கள் இடிப்பதை நிறுத்தி இதை நிறுத்த முடியுமானால் நல்லது என்று தலைவன் கெஞ்சுகிறான். இடிக்கிற நண்பன் ஒருவன் எதிரே நிற்பதால்தான் அந்தக் கெஞ்சல் அவ்வளவு உண்மையாக வருகிறது. எதற்கெடுத்தாலும் 'சூப்பர் மச்சி' என்பவனிடம் எவனும் இப்படிப் பேச மாட்டான்.

குறளும் இதையே சொல்கிறது. 'நகுதற் பொருட்டன்று நட்டல் மிகுதிக்கண் மேற்சென்று இடித்தற் பொருட்டு.' 784-ஆவது குறள். உங்கள் மாமா துச்சாதனன் முன்னால் நின்றது இந்த 'மேற்சென்று' என்ற சொல்லுக்கு உரை. வகுப்பில் இனி இந்தக் குறளுக்கு அந்தக் காட்சியைத்தான் சொல்லப் போகிறேன். அனுமதி கொடுங்கள்.

ஆனால் எனக்கு இன்னொரு மனக்குறை உண்டு. கதாநாயகனின் நண்பனையாவது நாம் தேடுகிறோம். தோழியை யார் தேடுகிறார்கள்?

'தோழி தானே செவிலி மகளே' என்கிறது தொல்காப்பியம். என் பெயர் அதிலிருந்து வந்தது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் 261 அடி. அத்தனை அடியும் தோழி ஒருத்தியின் பேச்சு. மகள் மெலிகிறாள், முருகன் பெயரால் பூசாரி ஆடும் வெறியாட்டு எடுக்கலாம் என்று வீடு பதறுகிறது. அப்போது இவள் செவிலிக்கு முன்னால் வந்து 'அன்னாய் வாழி' என்று தொடங்கி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்கிறாள். தினைப்புனம் காத்தது, சுனையாடியது, பூப் பறித்தது, நாய்கள் வளைத்துக்கொண்டது, யானையிடமிருந்து அவன் காத்தது, அவன் சொன்ன வாக்கு. நடுவில் 99 பூக்களின் பெயரை மூச்சுவிடாமல் அடுக்குகிறாள். அவசரமான நேரத்தில் இத்தனை பூ எதற்கு என்று ஒரு மாணவி கேட்டாள். 'அம்மாவின் கோபம் ஆறட்டும் என்று இருக்கும் டீச்சர்' என்று இன்னொருத்தியே பதில் சொன்னாள். எந்த உரையிலும் நான் வாசிக்காத பதில் அது. அந்தப் பெண்ணை அப்படியே அணைத்துக்கொண்டேன்.

இதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். வீட்டை எதிர்த்து நிற்பவளும் தோழி, காலம் கடத்துகிற தலைவனை 'எப்போது மணப்பாய்' என்று நெருக்குபவளும் தோழி. சிலம்பில் மாதவியின் கடிதத்தைக் கோவலனிடம் கொண்டுபோன வசந்தமாலை வரை இந்த வரிசை வருகிறது. கைப்பேசி வந்ததால் தூது போகும் தோழிக்கு வேலை போய்விட்டது என்று சொல்வார்கள். நான் ஒப்பமாட்டேன். அவள் தபால்காரி இல்லை, தலைவிக்காக முடிவெடுத்தவள்.

சென்ற ஆண்டு பிளஸ் டூ வகுப்பில், உங்களுக்குப் பிடித்த படத்தில் கதாநாயகியின் தோழி பெயர் என்ன என்று கேட்டேன். 38 பெண்கள். ஒருத்திக்கும் தெரியவில்லை. நாயகனின் நண்பன் பெயரை நாலைந்து பேர் சொன்னார்கள். அகப்பாட்டில் பெயர் இல்லாமல் இருந்தும் 261 அடி பேசினாள். படத்தில் பெயர் வைத்திருப்பார்கள், பேச்சு வைக்கவில்லை.


களரி எழுதியது:

நான் மட்டக்களப்பு. எங்கட பக்கத்துக் கூத்திலயும் கட்டியகாரன் இருக்கிறார், ஆனால் கொஞ்சம் வேற மாதிரி. அரசன் கொலு வரப்போறார் எண்டு சபைக்கு அறிவிக்கிறது அவற்ற வேலை. வரவு விருத்தம் படிச்சு, மிடுக்கா ஆடித்தான் களரிக்கு, அதான் ஆடுகளத்துக்கு, வருவார். கேலி செய்யிற ஆள் எண்டு நாங்கள் அவரை நினைக்கிறதில்ல. கூத்துப் பழக்கிற அண்ணாவியார் மத்தளத்தோட நடுவில நிக்க, சுத்தி ஆடுற வட்டக்களரியில அவர் வந்தாத்தான் சனம் நிமிர்ந்து இருக்கும்.

இன்னொண்டும் சொல்ல வேணும். வேஷம் எண்டது கல்லில வெட்டின எழுத்தில்ல. பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையில 1964-ல இராவணேசன் எண்ட கூத்தை மேடை ஏத்தினவர். விடிய விடிய ஆடுற வடமோடிக் கூத்தைச் சுருக்கி, இராவணனை மனம் நொந்து அழியிற ஒரு பெரிய மனிசனாக் காட்டின கூத்து அது. வில்லன் எண்டு எல்லாரும் எழுதி வச்ச ஆள், அதே தாளக்கட்டோட, அதே ஆட்டத்தோட வேற ஆளா எழும்பி வந்திட்டார். இண்டைக்கும் அதை ஆடுறாங்கள். உங்கட மருமகனும் கட்டியகாரனைத் தனக்கு ஏத்த மாதிரி எழுப்பலாம் தம்பி. மாமாவிட்ட அடவைப் படிக்கச் சொல்லுங்கோ முதல்ல.


செய்யாத்தங்கரை எழுதியது:

பதில் போட ஒரு வாரம் ஆயிடுச்சு, மன்னிச்சுக்குங்க. ஊருக்குப் போயிருந்தேன்.

டீச்சர், மாமா அனுமதி குடுத்துட்டார். அந்தக் குறளை அவர் கேட்டதே இல்லையாம். எழுதிக் குடுன்னு வாங்கி, ஆதார் கார்டு வெக்கிற பிளாஸ்டிக் கவர்ல வெச்சுக்கிட்டார்.

களரி அண்ணா, நீங்க சொன்னபடி முதல்ல அடவுலதான் ஆரம்பிச்சோம். பையனை உக்கார வெச்சு பாடம் எடுக்கல. ஞாயித்துக்கிழமை காலையில வீட்டு வாசல்ல மாமா சும்மா திண்ணையில உக்காந்து கையால தாளம் போட்டுக்கிட்டு இருந்தார். நான் துண்டைப் புடவையாக்கிப் பாஞ்சாலி மாதிரி நின்னேன். எங்க அக்கா வீட்டுக்காரர் துச்சாதனன். பையன் ரொம்ப நேரம் செல்போனைப் பாத்துக்கிட்டே இருந்தான். மாமா அந்த துச்சளை கேள்வியைக் கேட்டதும் நிமிர்ந்தான். "தாத்தா, அவன் பதில் சொல்லலன்னா நீ அடுத்து என்னா கேப்ப?"ன்னான். மாமா, "எனக்கு அதுக்கு மேல கேக்கத் தெரியலடா. 30 வருஷமா அதோட நிறுத்திட்டேன்"ன்னார்.

சாயங்காலம் கணக்கு நோட்டோட பின்பக்கத்துல பென்சில்ல எழுதி எடுத்துட்டு வந்தான். துச்சாதனன்கிட்ட கேக்க மூணு கேள்வி. சபையில உக்காந்திருக்கிற பீஷ்மர்கிட்ட கேக்க ஒண்ணு. மாமா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு எழுத்துக்கூட்டிப் படிச்சார். துச்சாதனன் கேள்வி ரெண்டை, "இது நீளம், மத்தளக்காரன் கை வலிக்கும்"ன்னு அடிச்சுட்டார். பீஷ்மர் கேள்வியில கையே வெக்கல.

அர்ஜுனன் ஆசை இன்னும் போகலங்க. சனி, ஞாயிறு மட்டும் ஒத்திகைக்கு வரேன்னு சொல்லியிருக்கான். அடுத்த வாரம் சலங்கை வாங்க காஞ்சிபுரம் போறோம்.